ஒப்புதல் வாங்கிய கடன் ஸ்கீமை நடுவில் மாற்றக் கேட்கிறார்கள்: தீர்ப்பாயம் எதுவரை போகலாம்?

1. வேலந்தாவளம் வார்ப்பு

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், பேங்க் பக்கம் வேலை பார்த்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலந்தாவளத்தில் சின்ன வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு இயந்திரக் கம்பெனிக்குப் பல வருடமாக அடித்தட்டு, புல்லி, பிராக்கெட் எல்லாம் வார்த்துக் கொடுத்து வந்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். கடன் ஏறி, பேங்க் கணக்கு கெட்டுப்போய், கடைசியில் கம்பெனிச் சட்டம் 230-ஆம் பிரிவில் ஒரு ஸ்கீம், அதாவது கடனை எப்படி அடைப்பது என்ற சமரச ஏற்பாடு, போட்டார்கள். பேங்குகளுக்கு ஒரு கூட்டம், எங்களைப் போன்ற சப்ளையர்களுக்கு ஒரு கூட்டம். எங்களுக்கு அசலில் 45 சதவீதம், வட்டி கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒன்றாக 12 தவணை.

இதோடு இன்னொரு ஷரத்தும் இருந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் நிலத்தின் மீதான அடமானத்தை பேங்குகள் விட்டுக்கொடுக்கும். நிலத்தை விற்று வரும் பணம் தனிக் கணக்கில் கிடக்கும். கம்பெனி தவணை தவறினால் அதிலிருந்து சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டும். பாதிக்கும் கீழே வாங்கிக்கொள்ள எங்களில் பல பேர் தலையாட்டியது அந்த ஷரத்தை நம்பித்தான். கம்பெனி வழக்குகளைப் பார்க்கும் கொச்சி தீர்ப்பாயமும் (என்சிஎல்டி) ஸ்கீமை அங்கீகரித்து உத்தரவு போட்டது.

நாலு தவணை ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நிலமும் விற்கவில்லை. இப்போது 231-ஆம் பிரிவில் 'ஸ்கீமைச் செவ்வனே நிறைவேற்றத் தேவையான திருத்தம்' என்று ஒரு மனு போட்டிருக்கிறார்கள். எனக்கு நேரடியாக எந்த நோட்டீஸும் வரவில்லை. அந்தப் பக்கம் சாவடியில் இருக்கும் இன்னொரு சப்ளையர் மனுவின் நகலை அனுப்பினார். முதல் ஸ்கீமின்போது மலையாளப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது, தபாலில் தனியாகவும் வந்தது. இந்தத் தடவை இரண்டும் இல்லை.

மனுவில் ஒரு அட்டவணை இருக்கிறது. இடது பக்கம் 'தற்போதுள்ள ஷரத்து', வலது பக்கம் 'திருத்தப்படும் ஷரத்து'. பேங்க் வரிசையில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒரு எழுத்து மாறவில்லை. சப்ளையர் வரிசையில் 45 சதவீதம் 25 ஆகிறது, மிச்சத் தவணைகள் ஆறு வருடம் தள்ளிப் போகின்றன. நிலம் பற்றிய வரிசையில் வலது பக்கம் இருப்பது இவ்வளவுதான்: 'விற்பனைத் தொகை அடமானக் கடனுக்கு ஈடு செய்யப்படும்.'

கேள்வி இதுதான். கூட்டம் போட்டு, ஓட்டுப் போட்டு, நீதிபதி முன்னால் முத்திரை வாங்கிய ஒரு ஏற்பாட்டை, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனியும் தீர்ப்பாயமும் சேர்ந்து மாற்றலாமா?

2. பாலக்காடு ஆடிட்டர்

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும்.

230-இல் கடன் கொடுத்தவர்களில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கூட்டம் உண்டு. ஓட்டுப் போட்டவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மை, தொகைக்கணக்கில் முக்கால் பங்கு சம்மதித்தால்தான் அந்த வகுப்பு ஒப்புக்கொண்டதாக ஆகும். தீர்ப்பாயம் அங்கீகரித்த பிறகு, எதிர்த்து ஓட்டுப் போட்டவரையும் வராதவரையும்கூட அது கட்டும். தொகையில் 90 சதவீதத்துக்கு உரியவர்கள் அபிடவிட்டில் (பிரமாணப் பத்திரத்தில்) சம்மதம் கொடுத்திருந்தால் கூட்டத்தையே தவிர்க்கவும் வழி உண்டு.

கடன் மறுசீரமைப்பு ஸ்கீம் என்றால் 230(2)(சி) கூடுதலாகச் சில காகிதங்கள் கேட்கிறது. அடமானக் கடன் கொடுத்தவர்களில் தொகையில் 75 சதவீதத்துக்குக் குறையாத சம்மதம், கடன் கொடுத்த மற்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்ற விவரம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை. அப்புறம், மறுசீரமைப்புக்குப் பிறகு கம்பெனியின் பணத்தேவை கைக்கு வரும் பணத்துக்குள் அடங்குமா என்று ஆடிட்டர் தரும் அறிக்கை.

அண்ணா, அந்தக் கடைசி அறிக்கையைத் தேடி எடுங்கள். நாலு தவணையிலேயே கம்பெனி தடுமாறுகிறது என்றால், அன்றைக்குக் காட்டிய பண வரவு எந்த ஆர்டரை நம்பிப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த பல ஸ்கீம்களில் முதல் வருட விற்பனைதான் ஊதிப் பெருக்கியிருக்கும்.

231 சின்னப் பிரிவு. ஸ்கீமை நிறைவேற்றுவதை மேற்பார்வை பார்க்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கீகரிக்கும்போதோ அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலுமோ உத்தரவு போடலாம், முறையாக நிறைவேறத் தேவையான திருத்தம் செய்யலாம். திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் ஓடாது, கம்பெனியால் ஸ்கீம்படி கடனை அடைக்கவும் முடியாது என்று பட்டால் கலைக்க உத்தரவிடலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிட வேண்டாம்.

3. கொழிஞ்சாம்பாறை பேங்க்காரர்

ஓய்வு பெற்றவன். பெருங்கடன் பிரிவில் பல வருடம் இருந்தேன். கம்பெனி பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

எழுதியபடியே கடைசிவரை ஓடிய கடன் மறுசீரமைப்பை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். இரும்பு விலை ஏறும், ஆர்டர் தள்ளிப்போகும், கரண்ட் கட்டணம் மாறும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி கூட்டம், மறுபடி 30 நாள் நோட்டீஸ், மறுபடி அங்கீகாரம் என்றால் அதற்குள் கம்பெனி உயிரை விட்டுவிடும். அதனால்தான் பழைய 1956 சட்டத்தின் 392-ஆம் பிரிவிலும் இதே அதிகாரம் ஹைகோர்ட்டுக்கு இருந்தது. எஸ்.கே. குப்தா வழக்கில் 1979-லேயே உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரம் மிக விரிவானது என்று சொல்லிவிட்டது.

கோர்ட்டே இல்லாத காலத்தையும் பார்த்தவன் நான். 2001 ஆகஸ்டில் ரிசர்வ் பேங்க் கொண்டுவந்த சிடிஆர் (கம்பெனிக் கடன் மறுசீரமைப்பு) முறை சட்டம் எதன் கீழும் இல்லை, பேங்குகள் தங்களுக்குள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான். தொகையில் 75 சதவீதம், பின்னாளில் தலைக்கணக்கில் 60 சதவீதமும் சேர்ந்தால் மற்ற பேங்குகளையும் அது கட்டும். பேக்கேஜை மாற்ற வேண்டுமென்றால் மும்பையில் ஒரு கூட்டம், ஒரு மினிட்ஸ், முடிந்தது. 2018 பிப்ரவரி 12 சுற்றறிக்கையில் சிடிஆரோடு மற்ற எல்லாத் திட்டங்களையும் ரிசர்வ் பேங்க் நிறுத்தியது. அந்தச் சுற்றறிக்கையை 2019 ஏப்ரல் 2-இல் தரணி சுகர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம்ம தமிழ்நாட்டுச் சர்க்கரைக் கம்பெனிதான் முன்னால் நின்றது. அந்த ஜூனிலேயே ரிசர்வ் பேங்க் புதுக் கட்டமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது, அதிலும் அதே 75, 60 கணக்கு.

சொல்ல வருவது, மாற்றம் என்றாலே சதி என்று நினைக்க வேண்டாம்.

4. வேலந்தாவளம் வார்ப்பு

ஐயா, மாற்றம் வரும் என்பது எங்களுக்கும் தெரியும். பிக் அயர்ன் லோடுக்கும் கோக்குக்கும் நாங்கள் முன்பணம் கட்டித்தான் எடுக்கிறோம், விலை ஏறி இறங்குவதை தினமும் பார்க்கிறவர்கள்தான். தவணையை ஆறு மாதம் தள்ளிக் கேட்டிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டோம். பேங்க் வரிசையில் ஒரு பைசா மாறாமல் எங்கள் வரிசையில் மட்டும் மாறுவது எந்த வகையில் 'செவ்வனே நிறைவேற்றுவது' என்றுதான் கேட்கிறேன்.

சிடிஆர் காலத்தில் சப்ளையர் எங்கே இருந்தார் என்று சொல்லுங்களேன்?

5. கொழிஞ்சாம்பாறை பேங்க்காரர்

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், அறைக்கு வெளியே. பேக்கேஜில் சப்ளையர் பாக்கி என்பது பண வரவுத் திட்டத்தில் ஒரு வரி. அந்த வரியை எவ்வளவு நீட்டலாம் என்று நாங்கள் பேசுவோம், அவரை அழைத்துக் கேட்டது கிடையாது. அந்த வகையில் 230 உங்களுக்கு நல்லதுதான், உங்களுக்கென்று ஒரு கூட்டமும் ஓட்டும் இருந்தது.

6. எர்ணாகுளம் வக்கீல்

பேங்க்காரர் ஐயா 1979 தீர்ப்பைச் சரியாகவே சொன்னார், ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

எஸ்.கே. குப்தா வழக்கின் சாரம், அங்கீகார உத்தரவு போட்டதோடு கோர்ட் கை கழுவிவிடக் கூடாது என்பது. ஸ்கீம் ஓடி முடியும்வரை கோர்ட் கூடவே இருக்க வேண்டும், தடை வந்தால் நீக்க வேண்டும். அதிகாரம் விரிவானது என்பதும் உண்மை. ஆனால் எதற்காக விரிவானது என்று பாருங்கள்: ஒப்புக்கொண்ட ஸ்கீம் வேலை செய்வதற்காக.

2007-இல் மேகல் ஹோம்ஸ் வழக்கு. மும்பையில் மூடிக் கிடந்த ஸ்ரீநிவாஸ் காட்டன் மில் சம்பந்தப்பட்டது. கம்பெனியை மீட்பது என்ற பெயரில் வரும் ஸ்கீமில் மீட்பு உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை நிலத்தைக் கைமாற்றுவதுதான் நோக்கமா என்று கோர்ட் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010-இல் ரிலையன்ஸ் அண்ணன் தம்பி எரிவாயு வழக்கு. எல்லோருக்கும் எரிவாயு விலைதான் ஞாபகம் இருக்கும், ஆனால் அந்த வழக்கு வந்த வழி 392-ஆம் பிரிவு. பிரிவினை ஸ்கீம் சரியாக நடக்கவில்லை என்று ஒரு தரப்பு கம்பெனி கோர்ட்டுக்குப் போனதுதான் தொடக்கம். கோர்ட் திருத்தலாம், ஆனால் ஸ்கீமின் அடிப்படை நெசவைக் கலைத்து வேறு ஸ்கீம் எழுத முடியாது என்பது அங்கே உறுதிப்பட்டது.

இதற்கெல்லாம் முன்னால் 1996-இல் மிஹீர் மஃபத்லால் வழக்கு இருக்கிறது. ஸ்கீமின் வியாபார லாப நஷ்டத்தை எடைபோடுவது கோர்ட்டின் வேலை இல்லை, சம்பந்தப்பட்டவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள் என்பதால் கோர்ட் விலகி நிற்கிறது. வகுப்பு சரியாகப் பிரிக்கப்பட்டதா, தகவல் எல்லாம் கொடுத்தார்களா, பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்கியதா என்பதை மட்டும் பார்க்கும்.

இதை அப்படியே நீட்டிப் பாருங்கள். முதல் ஸ்கீமில் கோர்ட் விலகி நின்றது நீங்கள் ஓட்டுப் போட்டதால். உங்கள் பங்கை வெட்டும் திருத்தத்துக்கு ஓட்டே இல்லை என்றால் கோர்ட் விலகி நிற்க என்ன காரணம் இருக்கிறது? வியாபார முடிவு என்று மரியாதை கொடுக்க அங்கே யாருடைய முடிவும் இல்லை, கம்பெனியின் விருப்பம் மட்டும்தான் இருக்கிறது. இந்த வாதத்தை நான் கொச்சியில் தைரியமாக வைப்பேன்.

தவணைத் தேதி, பணம் செலுத்தும் முறை, கண்காணிப்பாளரை மாற்றுவது, விற்பனைக்குக் கூடுதல் கால அவகாசம் இதெல்லாம் 231-க்குள் அடங்கும். 45-ஐ 25 ஆக்குவதும், ஒரு வகுப்புக்கு ஒதுக்கிய நிலத்தை இன்னொரு வகுப்புக்குத் தூக்கிக் கொடுப்பதும் அடங்காது. அது புது ஸ்கீம். 230-க்குத் திரும்பிப் போய் உங்கள் வகுப்பின் முக்கால் பங்கை வாங்கிக்கொண்டு வரட்டும்.

7. நகரி விசைத்தறி

இந்தப் பக்கம் ஆந்திர எல்லையிலிருந்து. எங்கள் அனுபவம் வேற வழியில் போனது, அதனால் சொல்கிறேன்.

நகரி, புத்தூர் பக்கம் கூலிக்கு நெய்கிற தறிக்காரர்கள் நாங்கள். துணி வாங்கிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி திவால் சட்டத்தில், அதாவது ஐபிசியில் போனது. வழக்கு அமராவதி பெஞ்ச். அங்கே எங்களுக்கு ஓட்டு கிடையாது. கடன் கொடுத்தவர் குழு என்றால் பேங்குகள்தான், 66 சதவீதம் ஓட்டு விழுந்தால் திட்டம் பாஸ். எங்களைப் போல் சரக்குக்கும் வேலைக்கும் பாக்கி உள்ளவர்கள் மொத்தக் கடனில் 10 சதவீதம் வந்தால் பிரதிநிதி ஒருவர் கூட்டத்தில் உட்காரலாம், கேட்கலாம், ஓட்டுப் போட முடியாது. எங்களுக்குக் கிடைத்ததைப் பற்றிப் பேசி இங்கே நேரத்தை வீணாக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. ஐபிசியில் திட்டத்தை இஷ்டத்துக்கு மாற்றவே முடியாது. எடுகாம்ப் வழக்கில் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பேங்க் குழு ஒப்புக்கொண்ட பிறகு கம்பெனியை வாங்க வந்தவர் திட்டத்திலிருந்து விலகவும் முடியாது, மாற்றவும் முடியாது என்று சொன்னது. தீர்ப்பாயமும் தானாகத் திருத்தக் கூடாது, குறை இருந்தால் குழுவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று அதே வருடம் மார்ச்சில் ஜேபி வழக்கில் சொல்லியாயிற்று.

ஜெட் ஏர்வேஸ்தான் பெரிய உதாரணம். 2021 ஜூனில் திட்டம் அங்கீகாரம். வாங்கியவர்கள் முதல் தவணை 350 கோடி போட வேண்டும். 200 கோடி போட்டுவிட்டு, மிச்சம் 150 கோடிக்கு ஏற்கெனவே கொடுத்த பேங்க் கேரண்டியைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சரி என்றது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7-இல் அது தப்பு என்று சொல்லி, அரசியலமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி கம்பெனியைக் கலைக்கவே உத்தரவிட்டது. கேரண்டி என்பது கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டிய பாதுகாப்பு, அதைத் தவணையாகக் கரைப்பது திட்டத்தையே மாற்றுவது என்பதுதான் விஷயம்.

வேலந்தாவளம் அண்ணாவின் நிலமும் அந்த மாதிரிப் பாதுகாப்புதானே?

8. எர்ணாகுளம் வக்கீல்

நகரி அண்ணா நல்ல இடத்தைத் தொட்டார். ஜெட் தீர்ப்பு ஐபிசி சட்டத்தின் கீழ் வந்தது, 231-க்கு அப்படியே ஒட்டாது. ஐபிசியில் 231 போல் திருத்தும் அதிகாரம் எழுதப்படவே இல்லை, இங்கே எழுதியிருக்கிறது. கம்பெனி வக்கீல் அந்த வித்தியாசத்தைத்தான் முதலில் காட்டுவார். ஆனால் தவணை தவறினால் காப்பாற்றுவதற்கென்று வைத்த பாதுகாப்பை, தவணை தவறிய நேரத்தில் எடுத்துவிடுவது திருத்தமாகாது என்ற நியாயம் இரண்டு சட்டத்துக்கும் பொது. அந்த அளவுக்கு ஜெட்டைக் கையில் எடுக்கலாம்.

9. வேலந்தாவளம் வார்ப்பு

அப்படியானால் இந்த ஸ்கீமை விட்டுவிட்டு ஐபிசியில் போனால் எங்களுக்கு நல்லதா? சில பேர் அப்படிச் சொல்கிறார்கள். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இ சட்டத்தில் 45 நாள் தாண்டினால் ரிசர்வ் பேங்கின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று இருக்கிறதே, அதையும் கேட்கலாம் என்கிறார்கள்.

10. பாலக்காடு ஆடிட்டர்

வேண்டாம் அண்ணா. சரக்குப் பாக்கிக்கு ஐபிசி மனு போட 2020 மார்ச்சிலிருந்து குறைந்தது 1 கோடி தவறியிருக்க வேண்டும். உள்ளே போனாலும் உங்களுக்குச் சட்டம் உறுதி சொல்வது, கம்பெனியைக் கலைத்தால் உங்கள் வரிசைக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாத தொகை. அடமானக் கடன் சொத்து மதிப்பை விட அதிகம் என்றால் அது சுழியம்கூட ஆகலாம். 2019-இல் எஸ்ஸார் ஸ்டீல் தீர்ப்பு வந்த பிறகு, யாருக்கு எவ்வளவு என்பது பேங்க் குழுவின் வியாபார முடிவு, கோர்ட் அதில் நுழையாது. இப்போது கையில் 45 சதவீதத்துக்கு கோர்ட் உத்தரவு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மடங்கு வட்டியும் அப்படித்தான். வட்டி இல்லை என்று ஸ்கீமில் வகுப்பு ஒப்புக்கொண்டுவிட்டது, அங்கீகாரமும் ஆயிற்று. ஸ்கீமை உடைக்காமல் அதைத் தனியாகக் கேட்க முடியாது.

11. கஞ்சிக்கோடு ஷிப்ட்

நான் அந்த மாதிரி ஒரு கம்பெனியில் தொழிலாளி. அதே கம்பெனியா இல்லையா என்று கேட்காதீர்கள்.

எல்லோரும் பேங்க், சப்ளையர் என்று பேசுகிறீர்கள். உள்ளே இருக்கும் எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரி மனு போகும்போதெல்லாம் ஷெட்டில் ஒரே பேச்சு, கோர்ட் கலைத்துவிடுமா என்று. ஆடிட்டர் சார் எழுதிய அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களுக்குப் பயம். கலைத்தால் தொழிலாளி பாக்கி அடமானக் கடனோடு சரிசமமாக நிற்கும் என்று சட்டத்தில் இருக்கிறது, பிஎஃப் பணத்தைக் கம்பெனிச் சொத்தாக எடுக்க முடியாது என்றும் சொல்கிறார்கள். எழுத்தில் சரிதான். ஆனால் லிக்விடேட்டர் ஏலம் போட்டு, கேஸ் முடிந்து, கையில் பணம் வர வருடக்கணக்கில் ஆகும். ஐம்பது வயதுக்கு மேல் வேறு எங்கே போய் வேலை கேட்பது?

சப்ளையர்கள் ஆட்சேபிப்பது நியாயம். ஆட்சேபணையில் 'இந்த ஸ்கீம் ஓடாது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைப் படித்துவிட்டு நீதிபதி, சரி ஓடாது, கலைத்துவிடலாம் என்றால் எல்லோரும் தெருவில்தான்.

12. எர்ணாகுளம் வக்கீல்

இந்த இழையில் வந்த மிக முக்கியமான பதிவு இதுதான் என்று நினைக்கிறேன். அண்ணா சொல்வதை ஆட்சேபணை எழுதுகிறவர் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

சப்ளையர் கேட்க வேண்டியது, ஸ்கீம் எழுதியபடி ஓடட்டும் என்பது. நிலத்தை விற்காமல் வைத்திருந்ததால்தான் பண முடை, விற்கச் சொல்லுங்கள், தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், மேற்பார்வைக்கு ஒருவரைப் போடுங்கள். 231-ஐக் கம்பெனி மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று எங்கும் இல்லை, நிறைவேற்றச் சொல்லி நீங்களும் அதே பிரிவில் கேட்கலாம். உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 425-இல் அவமதிப்பு நடவடிக்கை எடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. முதல் நாளே அதை எடுக்க வேண்டாம், பின்னால் இருக்கட்டும்.

இன்னொரு தடை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்கீமை ஆட்சேபிக்க மொத்தக் கடனில் 5 சதவீதமாவது தன் பாக்கியாக இருக்க வேண்டும் என்று 230(4)-இல் ஒரு நிபந்தனை உண்டு. 231-இல் அப்படி வரம்பு எழுதவில்லை. இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைக் கிளப்பி ஒரு வாய்தாவைத் தின்றுவிடும். உங்கள் பாக்கி மட்டும் எவ்வளவு சதவீதம்?

13. வேலந்தாவளம் வார்ப்பு

என்னுடையது ஒரு சதவீதம்கூட வராது. சாவடி, மதுக்கரை, கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை சப்ளையர்கள் எல்லோரும் சேர்ந்தால் 10-ஐத் தாண்டும்.

14. எர்ணாகுளம் வக்கீல்

அப்படியானால் ஒரே மனுவாகப் போங்கள், தனித்தனியாக வேண்டாம். 5 சதவீதம் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது.

15. கொழிஞ்சாம்பாறை பேங்க்காரர்

நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பேங்க்காரன், பேங்குக்குப் பணம் வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அடமானத்தை விட்டுக்கொடுத்ததாக ஸ்கீமிலேயே எழுதியிருந்தால், அதைத் திரும்பக் கேட்பது சரியில்லை. விட்டுக்கொடுத்ததற்கு பேங்குகள் ஏதாவது பெற்றிருப்பார்கள், அதிக வட்டியோ, ப்ரொமோட்டர் கேரண்டியோ, முன்னாலேயே வரும் தவணையோ. அது இன்னும் அவர்கள் வரிசையில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை விலை வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

பதிவு அலுவலகத்திலும் கம்பெனிப் பதிவாளரிடமும் அந்த அடமானம் விடுவிக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சார்ஜ் விவரம், அதாவது கம்பெனிச் சொத்தின் மீது பதிவான அடமான விவரம், கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்திலேயே கட்டணம் கட்டிப் பார்க்கலாம். விடுவிப்பைப் பதிவு செய்யவே இல்லை என்றால் நிலம் விற்காமல் நின்றதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. மாற்றமே கூடாது என்ற நிலைக்குப் போகாதீர்கள் என்று இன்னும் சொல்வேன். வேலந்தாவளம் தம்பி சொன்ன ஆறு மாதத் தள்ளலை நீங்களே எழுதிக் கொடுங்கள். எதிர்த்துக் கொண்டு மட்டும் வருகிறவரை விட, மாற்று வழி ஒன்றைக் கையில் எடுத்து வருகிறவருக்கு பெஞ்ச் அதிகம் செவி கொடுக்கும்.

16. பாலக்காடு ஆடிட்டர்

பேங்க்காரர் ஐயா சொன்ன சார்ஜ் விவரத்தை இன்றைக்கே எடுத்துவிடலாம், அண்ணா, தனிச் செய்தியில் கம்பெனியின் பதிவு எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

மாற்று வழிக்குக் கணக்குப் போட வேண்டும். கம்பெனியின் கடைசி ஆடிட் செய்த இருப்பு நிலைக் குறிப்பு, நாலு தவணை வந்த தேதிகள், உங்கள் லெட்ஜர், கம்பெனி கையெழுத்துப் போட்ட பாக்கி உறுதிக் கடிதம் இவ்வளவும் வேண்டும். டெலிவரி சலானையும் தூக்கி எறியாதீர்கள். ஸ்கீமில் பாக்கியை ஒப்புக்கொண்டுவிட்டார்களே என்று சில பேர் பழைய காகிதத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். திருத்தம் என்று ஆரம்பித்தால் தொகையையும் கிளறுவார்கள்.

17. நகரி விசைத்தறி

நோட்டீஸ் வராத விஷயத்தை விட்டுவிட்டோமே. அதுவே ஒரு காரணம் ஆகாதா?

18. எர்ணாகுளம் வக்கீல்

ஆகும். சிவில் நடைமுறைச் சட்டம் தீர்ப்பாயத்தைக் கட்டாது, ஆனால் இயற்கை நீதி கட்டும், 424-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல் அவர் பங்கை வெட்டும் உத்தரவு மேல்முறையீட்டில் நிற்பது கஷ்டம். ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள். உத்தரவு வந்த பிறகு சென்னையில் மேல்முறையீட்டு பெஞ்சுக்குப் போக 45 நாள், போதிய காரணம் இருந்தால் இன்னும் 45 நாள். அந்த இடைவெளியில் நிலம் கைமாறிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

அதனால் உடனே செய்ய வேண்டியது, கொச்சி பெஞ்சில் கேவியட், அதாவது எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு. 90 நாள் செல்லும். கூடவே வழக்கு எண்ணை வைத்து அடுத்த தேதியைத் தீர்ப்பாய இணையதளத்தில் பாருங்கள். அன்றைக்கு ஆஜராகி, மனு நகல் தரப்படவில்லை, ஆட்சேபணைக்கு அவகாசம் வேண்டும், அதுவரை நிலத்தை விற்கவோ பணத்தை வேறு கணக்கில் போடவோ தடை வேண்டும் என்று கேளுங்கள். இந்த மூன்றும் முதல் நாளில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வக்கீல்தான் வர வேண்டும் என்றில்லை, ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ ஆஜராகலாம், நீங்களே நேரில் நிற்கவும் உரிமை உண்டு.

ஆட்சேபணையில் முக்கியக் கோரிக்கை இரண்டு. தொகையைக் குறைப்பதும் நிலத்தை மாற்றுவதும் 231-க்குள் வராது என்று தள்ளுபடி செய்ய வேண்டும். அது முடியாது என்று பெஞ்ச் நினைத்தால், சப்ளையர் வகுப்புக்கு மறுபடி கூட்டம் போட்டு ஓட்டெடுக்க உத்தரவிட வேண்டும்.

தவணைத் தள்ளலுக்கு உங்கள் சம்மதத்தைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். கஞ்சிக்கோடு அண்ணாவின் பயத்துக்குப் பதிலும் அதே பத்திதான்: கம்பெனி ஓட வேண்டும், அதற்கு நாங்கள் காலம் கொடுக்கிறோம் என்று சப்ளையரே எழுதிக் கொடுத்தால் கலைப்பதற்கான காரணம் மெலிந்துபோகும்.

19. கஞ்சிக்கோடு ஷிப்ட்

அந்தப் பத்தியை எழுதுவதாக இருந்தால் எங்கள் யூனியனிடம் நான் பேசுகிறேன். தொழிலாளர் தரப்பிலும் ஒரு மனு போட்டு, நிலத்தை ஸ்கீம்படி விற்கட்டும், மெஷின் இருக்கும் இடத்தைத் தொடாமல் இருக்கட்டும் என்று கேட்க முடியுமா வக்கீல் சார்?

20. எர்ணாகுளம் வக்கீல்

தாராளமாக. இரண்டு மனுவும் ஒரே நாளில் பெஞ்ச் முன்னால் இருந்தால் இன்னும் நல்லது. வேலையாட்கள் ஒரு பக்கம், சரக்குக் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம் என்று கம்பெனி பிரித்துக் காட்ட முடியாது.

21. வேலந்தாவளம் வார்ப்பு

ஆடிட்டர் சார் சார்ஜ் விவரத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். நிலத்தின் அடமானம் விடுவிக்கப்பட்டதாகப் பதிவே ஆகவில்லை. பேங்க்காரர் ஐயா சந்தேகப்பட்டது அப்படியே இருக்கிறது. மனுவில் 'தக்க வாங்குபவர் கிடைக்காததால் விற்பனை தாமதம்' என்று எழுதியிருக்கிறார்கள். அடமானம் நிற்கும் நிலத்துக்கு வாங்குபவர் எப்படிக் கிடைப்பார்? இதை ஆட்சேபணையில் முதல் பத்தியாகப் போடப் போகிறோம்.

சாவடி, மதுக்கரைக்காரர்களிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பட்டறையில் எல்லோரும் கூடுகிறோம். லெட்ஜர், பாக்கிக் கடிதம், ஆதார் நகல் எடுத்து வர வேண்டும், அபிடவிட்டில் அங்கேயே கையெழுத்து. நோட்டரியும் வருகிறார். பாக்கி உள்ள சப்ளையர் வேறு யாராவது இதைப் படித்தால் தனிச் செய்தி அனுப்புங்கள், தொகை சின்னது என்று தயங்க வேண்டாம். கேவியட் திங்கட்கிழமை போகிறது.